ரெப்போவை பிரவுசரிலேயே திறக்க எக்ஸ்டென்ஷன் தேவையா? எந்த வேலைக்கு எது சரி?

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பெரிய ரெப்போ (ஒரு புராஜெக்ட்டின் நிரல் கோப்புகள், மாற்ற வரலாற்றோடு இருக்கும் தொகுப்பு) ஒன்றை ஒவ்வொரு கோப்பாகத் திறந்து படிப்பது சீக்கிரமே அலுத்துவிடும். ஒன்றைப் பார்த்து, பின்னால் வந்து, அடுத்ததைத் திறப்பதற்குள் முதலில் பார்த்தது மறந்துபோகும். குளோன் செய்யலாம்தான், அதாவது ரெப்போவை முழுதாக நம் கணினிக்கு நகலெடுக்கலாம். ஆனால் லினக்ஸ் கெர்னல் மாதிரி பத்து லட்சத்துக்கும் மேல் கமிட்டுகள் (பதிவு செய்த மாற்றங்கள்) உள்ள ரெப்போவை முழு வரலாற்றோடு இறக்கினால் பல ஜிபி டேட்டா போய்விடும். ரெப்போ சின்னதாகவே இருந்தாலும், ஒரே ஒரு ஃபங்ஷனைப் பார்ப்பதற்காக அதை மடிக்கணினியில் இறக்கி வைப்பது வீண் வேலை. அதனால்தான் பலரும் எக்ஸ்டென்ஷன் தேடிப் போகிறார்கள். ரெப்போ பக்கத்தில் ஒரு பொத்தான் வரும், அழுத்தினால் ஆன்லைன் எடிட்டரில் திறக்கும். குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலுமே இந்த வேலைக்கு எக்ஸ்டென்ஷன்கள் நிறையக் கிடைக்கின்றன.

எதைப் போடலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: திறந்து என்ன செய்யப்போகிறீர்கள்? படிக்கவா, சின்னதாகத் திருத்தவா, ஓட்டிப் பார்க்கவா? மூன்றுக்கும் மூன்று வேறு கருவிகள். எக்ஸ்டென்ஷன் தருகிற பொத்தானை அழுத்தும்போது உள்ளே நடப்பது பெரும்பாலும் முகவரியை மாற்றுவது மட்டும்தான். முகவரியை மாற்ற நமக்கே தெரியும். அந்தச் சின்ன வேலைக்காக எக்ஸ்டென்ஷன் கேட்கும் அனுமதியோ ரொம்பப் பெரியது. படிப்பதற்கும் திருத்துவதற்கும் எக்ஸ்டென்ஷன் வேண்டாம், ஓட்டிப் பார்ப்பதற்கு மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள் என்பது என் கருத்து. எக்ஸ்டென்ஷன் உண்மையாகவே கைகொடுக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

புள்ளி விசை

கிட்ஹப்பில் உள்நுழைந்திருக்கும்போது, ஏதாவது ஒரு ரெப்போவிலோ புல் ரிக்வெஸ்ட்டிலோ (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) நின்றுகொண்டு விசைப்பலகையில் புள்ளியை அழுத்துங்கள். அதே தாவலில் விஎஸ் கோட் எடிட்டர் திறக்கும். ஷிஃப்ட்டோடு சேர்த்து அழுத்தினால் புதிய தாவலில் திறக்கும். 2021 ஆகஸ்டில் வந்த வசதி இது. இன்னும் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முகவரிப் பட்டையில் கிட்ஹப் டாட் காம் என்பதில் 'காம்' இருக்கும் இடத்தில் 'டெவ்' என்று மாற்றினாலும் அதே எடிட்டருக்குத்தான் போகும். விசை வேலை செய்யவில்லை என்றால் கர்சர் தேடல் பெட்டிக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால், உங்கள் கணக்கின் அணுகல்தன்மை அமைப்புகளில் ஒற்றை எழுத்துக் குறுக்குவழிகள் அணைந்திருக்கலாம்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். எழில் மொழி அறக்கட்டளையின் ஓப்பன்-தமிழ், தமிழ் உரையைக் கையாள்வதற்கான பைத்தான் நூலகம். 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறியீடுகள். பைத்தானிடம் அதன் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்றுதான் சொல்லும். இதைச் சரியாக மூன்றாகப் பிரித்துத் தரும் ஃபங்ஷன் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான் தேவை. ரெப்போவுக்குப் போய்ப் புள்ளியை அழுத்தி, எடிட்டர் வந்ததும் கன்ட்ரோல் பி அழுத்தி 'யூடிஎஃப்8' என்று தட்டினால் கோப்பு வந்துவிடும். உள்ளே 'கெட் லெட்டர்ஸ்' என்று தேடினால் ஃபங்ஷன். திரையை இரண்டாகப் பிரித்து, வலப்பக்கம் அதற்கான டெஸ்ட் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டால், எந்தச் சொல்லைக் கொடுத்தால் எது வர வேண்டும் என்று எழுதியவர்கள் நினைத்தார்களோ அதைப் பக்கத்திலேயே வைத்துப் படிக்கலாம். கிட்ஹப்பின் சாதாரணப் பக்கத்தில் இப்போது இடது ஓரம் கோப்பு மரம் வந்துவிட்டாலும், இப்படி இரண்டைப் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்கும் சுகம் அதில் இல்லை.

சரி, இதில் என்ன கிடையாது? டெர்மினல், அதாவது கட்டளை தட்டி நிரலை ஓட்டும் இடம், கிடையாது. அந்த டெஸ்ட்டைப் படிக்கலாம், ஓட்ட முடியாது. நிரல் முழுக்க உங்கள் பிரவுசருக்குள்தான் இருக்கிறது, பின்னால் எந்தக் கணினியும் உங்களுக்காக ஓடிக்கொண்டிருக்கவில்லை. அதனால்தான் இது இலவசம், மணிக்கணக்கு வரம்பும் இல்லை. விஎஸ் கோட் எக்ஸ்டென்ஷன்களிலும் பிரவுசரில் ஓடக்கூடியவை மட்டுமே நிறுவ முடியும். மொழிக்கு மொழி ஆதரவும் மாறும். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜேசன், மார்க்டவுன் எல்லாம் முழுமையாக இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட், பைத்தான் மூன்றுக்கும் ஒரு கோப்புக்குள் நல்ல உதவி கிடைக்கும். மற்ற பல மொழிகளுக்கு வண்ணம் தீட்டுவதோடும், கோப்பில் ஏற்கெனவே இருக்கும் சொற்களைப் பரிந்துரைப்பதோடும் சரி. பெரிய ஜாவா புராஜெக்ட்டில் ஒரு கிளாஸ் எங்கெல்லாம் கூப்பிடப்படுகிறது என்று தேட இதை நம்பி உட்கார்ந்தால் ஏமாற்றம்தான்.

திருத்துவதில் இதற்கு நிகரில்லை என்றே சொல்வேன், குறிப்பாக மொழிபெயர்ப்புப் பங்களிப்புக்கு. ஏதோ ஒரு கட்டற்ற மென்பொருளின் தமிழ்க் கோப்பில் நாற்பது வரிகள் மொழிபெயர்க்காமல் கிடக்கின்றன என்று வையுங்கள். ஆங்கிலக் கோப்பை ஒரு பக்கம், தமிழ்க் கோப்பை மறுபக்கம் வைத்துத் திருத்தி, அங்கேயே கமிட் செய்து, புல் ரிக்வெஸ்ட்டும் அனுப்பிவிடலாம். அந்த ரெப்போவில் எழுத உங்களுக்கு அனுமதி இல்லை என்றால் ஃபோர்க் செய்யவா (உங்கள் கணக்கில் ஒரு நகல் எடுக்கவா) என்று அதுவே கேட்கும். கிட் கட்டளை ஒன்றுகூடத் தெரியாத தமிழாசிரியர் ஒருவரைப் பங்களிப்பாளராக ஆக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. கமிட் செய்கிறவரை உங்கள் திருத்தங்கள் அந்த பிரவுசரின் உள்சேமிப்பில் மட்டுமே இருக்கும். கல்லூரி லேப், பிரவுசிங் சென்டர் போன்ற இடங்களில் அமர்ந்து திருத்திவிட்டு, கமிட் செய்யாமல் எழுந்து போனால், அடுத்தவர் பிரவுசர் தரவை அழித்ததும் உங்கள் உழைப்பும் சேர்ந்து போய்விடும். இன்காக்னிட்டோ ஜன்னலை மூடினாலும் அதே கதி. புதிய கிளை ஒன்றைத் தொடங்கி அவ்வப்போது கமிட் போட்டுக்கொண்டே போங்கள்.

இதற்கு மிக நெருங்கிய சொந்தம் விஎஸ்கோட் டாட் டெவ். 2021 அக்டோபரில் வந்தது. கிட்ஹப் ரெப்போ மட்டுமல்லாமல் அஸூர் ரெப்போவையும், உங்கள் கணினியில் இருக்கும் ஃபோல்டரையும் திறக்கும். கணினி ஃபோல்டரைத் திறக்கும் வசதிக்குக் குரோம், எட்ஜ் வகை பிரவுசர் தேவை, ஃபயர்பாக்ஸில் அது நடக்காது. கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லாபில் இருப்பவர்களுக்கோ சொந்தமாகவே ஒரு வெப் ஐடிஇ இருக்கிறது. 2022 டிசம்பர் முதல் அதுவும் விஎஸ் கோட் அடிப்படையில்தான் ஓடுகிறது, அங்கேயும் அதே புள்ளி விசைதான்.

உள்நுழையாமல் படிக்க

கணக்கே வேண்டாம், படித்தால் போதும் என்றால் கிட்ஹப்1எஸ். முகவரியில் கிட்ஹப் என்ற சொல்லை ஒட்டி '1எஸ்' என்று சேர்த்தால் போதும். 2021 பிப்ரவரியில், அதாவது கிட்ஹப்பின் புள்ளி விசைக்கு முன்பே, தனியார் ஒருவர் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் இது. கிட்ஹப் நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. திருத்த முடியாது, வாசிக்க மட்டும்தான். வகுப்பில் புரொஜெக்டரில் ஒரு ரெப்போவைக் காட்டிப் பாடம் நடத்துகிறவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பேன். யாருடைய கணக்கிலும் உள்நுழைய வேண்டியதில்லை, தவறிப்போய் எதையும் மாற்றிவிடவும் முடியாது.

உள்நுழையாமல் இருப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. அடையாளம் சொல்லாமல் கிட்ஹப்பின் ஏபிஐ-யை, அதாவது நிரல்கள் தரவு கேட்கும் வழியை, கூப்பிடும் எந்தக் கருவிக்கும் ஓர் ஐபி முகவரிக்கு மணிக்கு 60 கோரிக்கைகள்தான். வீட்டில் ஒருவர் படிக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. விடுதியிலோ கல்லூரியிலோ நூறு பேர் ஒரே ஐபி-யின் பின்னால் இருக்கும்போது நீங்கள் ஒரு கோப்பைக்கூடத் திறக்காமலே வரம்பு தீர்ந்துபோயிருக்கும். கடவுச்சொல்போலப் பயன்படும் டோக்கன் கொடுத்தால் மணிக்கு 5,000 ஆகிவிடும். கொடுப்பதாக இருந்தால், பொது ரெப்போக்களைப் படிக்க மட்டும் முடிகிற, காலாவதித் தேதி வைத்த டோக்கனை அதற்கென்று தனியாக உருவாக்கிக் கொடுங்கள். எல்லா அதிகாரமும் உள்ள பழைய டோக்கனை இன்னொருவர் நடத்தும் பக்கத்தில் ஒட்டவே வேண்டாம்.

ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால்

இங்கேதான் தேர்வு கடினமாகிறது. ஏனென்றால் நிரல் ஓட வேண்டுமானால் எங்கேயோ ஒரு கணினி வேண்டும், அதற்கு யாரோ காசு கொடுக்க வேண்டும்.

கிட்ஹப் கோட்ஸ்பேஸஸ் உங்களுக்கென்று மேகத்தில் ஒரு லினக்ஸ் இயந்திரத்தை எழுப்பித் தருகிறது. டெர்மினல், டிபக்கர் எல்லாம் உண்டு. டேட்டாபேஸ் ஏற்றலாம், வெப் சர்வரை ஓட்டி அதன் பக்கத்தையும் பார்க்கலாம். தனிநபர் இலவசக் கணக்குக்கு மாதம் 120 கோர்-மணி, 15 ஜிபி சேமிப்பு. இந்தக் கோர்-மணிக் கணக்கைக் கவனமாகப் படியுங்கள். இரண்டு கோர் இயந்திரத்தில் அது 60 மணி நேரம். நான்கு கோர் எடுத்தால் 30 மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். படிப்பதற்கும் சின்னப் புராஜெக்ட்டுகளுக்கும் இரண்டு கோரே தாராளம்.

தாவலை மூடினால் இயந்திரம் நின்றுவிடும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நிற்காது. நீங்கள் ஒன்றும் செய்யாமல் விட்டால் வழக்கமாக 30 நிமிடம் கழித்துத்தான் அதுவே நிற்கும், அந்த 30 நிமிடமும் கணக்கில் ஏறும். தினமும் இரண்டு முறை இப்படித் தாவலை மட்டும் மூடிவிட்டுப் போனால் மாதத்தில் 30 மணி நேரம் வரை சும்மா கரைகிறது, அதாவது இலவச அளவில் பாதி. வேலை முடிந்ததும் கட்டளைப் பட்டியலில் இருந்து கோட்ஸ்பேஸை நிறுத்தும் கட்டளையைக் கொடுக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். அமைப்புகளில் அந்த 30 நிமிடத்தைக் குறைத்தும் வைக்கலாம். நிறுத்திய பிறகும் சேமிப்பு இடத்தின் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். 30 நாள் தொடாமல் விட்டால் கோட்ஸ்பேஸ் நீக்கப்பட்டுவிடும், கமிட் செய்து புஷ் பண்ணாதது எல்லாம் அதோடு போய்விடும். நல்ல விஷயம் ஒன்று: கட்டண முறை எதுவும் சேர்க்காமல் இருந்தால், இலவச அளவு தீர்ந்ததும் அடுத்த மாதம் வரை முடங்கும், பில் வராது.

நம் பகுதியிலிருந்து பயன்படுத்துகிறவர்கள் கோட்ஸ்பேஸஸ் அமைப்புகளில் பகுதி தென்கிழக்கு ஆசியாவாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எடிட்டரில் தட்டச்சு செய்வது உங்கள் பிரவுசரில் நடக்கிறது, அதில் தாமதம் தெரியாது. டெர்மினலில் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் அந்த இயந்திரம் வரை போய்த் திரும்ப வேண்டும். அது அமெரிக்காவில் இருந்தால் விரலுக்கும் திரைக்கும் நடுவில் இழுவை நன்றாகவே தெரியும்.

ஜாவாஸ்கிரிப்ட் உலகத்தில் மட்டும் இருப்பவர்களுக்கு ஸ்டாக்பிளிட்ஸ் அருமையான வழி. 2021 மே மாதம் அவர்கள் அறிவித்த வெப்கன்டெய்னர் நுட்பம் நோட் ஜேஎஸ்-ஐ உங்கள் பிரவுசர் தாவலுக்குள்ளேயே ஓட்டுகிறது. பின்னால் சர்வர் இல்லாததால் மணிக்கணக்கு பற்றிய கவலையில்லை, இணையம் இடையில் விட்டுவிட்டு வந்தாலும் ஓடுகிற சர்வர் விழாது. முகவரியில் ஸ்டாக்பிளிட்ஸ் டாட் காம், சாய்கோடு, கிட்ஹப், அதன் பின் உரிமையாளர் பெயரும் ரெப்போ பெயரும். அவ்வளவுதான். ரியாக்ட், வீட் போன்றவற்றின் மாதிரி ரெப்போக்கள் சில நொடிகளில் எழுந்து நிற்கும். ஆனால் நினைவகம் முழுக்க உங்களுடையது. 4 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில் குரோமும் திறந்து, இதையும் திறந்தால் மூச்சுத் திணறும். சி++ இல் எழுதிய நேட்டிவ் மாட்யூல்களை நம்பியிருக்கும் என்பிஎம் தொகுப்புகள் ஓடாது. ஜாவா, கோ போன்றவற்றுக்கு வேறு இடம் பாருங்கள்.

பிரவுசரில் நிரலை ஓட்டிப் பார்க்க உதவும் இன்னொரு சேவையான கோட்சாண்ட்பாக்ஸ் பக்கம் போக, கிட்ஹப் டாட் காம் என்பதில் கிட்ஹப்பை ஒட்டி 'பாக்ஸ்' சேர்த்தால் போதும். 2024 டிசம்பரில் டுகெதர் ஏஐ நிறுவனம் அதை வாங்கியது.

கோட்ஸ்பேஸஸ் போலவே மேகத்தில் சூழல் தந்த கிட்பாட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'ஆன்லைன் எடிட்டரில் திற' வகை எக்ஸ்டென்ஷன்களில் பலருக்கும் பழக்கமானது அவர்களுடையதுதான். கிட்ஹப், கிட்லாப், பிட்பக்கெட் மூன்றிலும் ஒரே மாதிரிப் பொத்தான் வைத்தது. முகவரிக்கு முன்னால் அவர்களுடைய முகவரியையும் ஒரு '#' குறியையும் ஒட்டினாலும் அதே பலன். ரெப்போவிலேயே ஒரு யாம்ல் கோப்பு வைத்துவிட்டால், திறக்கிற யாருக்கும் எல்லாம் நிறுவப்பட்டுத் தயாராக இருக்கும். நல்ல காலத்தில் மாதம் 50 மணி நேரம் இலவசமாகக் கொடுத்தார்கள். 2025 செப்டம்பரில் நிறுவனம் ஓனா என்று பெயர் மாறி ஏஐ ஏஜென்ட்டுகள் பக்கம் திரும்பியது. பழைய கிட்பாட் கிளாசிக்கைக் கட்டணம் கட்டிப் பயன்படுத்தும் திட்டம் அதே ஆண்டு அக்டோபரில் நிறுத்தப்பட்டது. பழைய ரீட்மீ கோப்புகளில் 'கிட்பாடில் திற' என்ற பட்டை இன்னும் இருக்கிறது. அதை நம்பி எழுதப்பட்ட வழிகாட்டிகளை இன்று பின்பற்ற முடியாது.

இந்தத் துறையில் இது புதிதல்ல. அமேசானின் ஆன்லைன் எடிட்டரான கிளவுட்9, 2024 ஜூலையில் புதிய வாடிக்கையாளர்களை எடுப்பதை நிறுத்தியது. கிளிட்ச் என்ற ஆன்லைன் எடிட்டர் சேவை 2025 ஜூலையில் புராஜெக்ட்டுகளை ஹோஸ்ட் செய்வதை விட்டது. ஆகவே ஓட்டிப் பார்க்கும் சூழலைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்க்கும் முக்கியமான விஷயம், நாளைக்கு அந்தச் சேவை மூடினால் என் ரெப்போவில் என்ன மிஞ்சும் என்பது. கோட்ஸ்பேஸஸ் பயன்படுத்தும் டெவ்கன்டெய்னர் கோப்பு (சூழலில் என்னென்ன நிறுவ வேண்டும் என்று சொல்வது) திறந்த தரநிலை. அதே கோப்பை வைத்து உங்கள் கணினியில் டாக்கரும் விஎஸ் கோடும் கொண்டு அதே சூழலை எழுப்பலாம். ஒரு சேவைக்கு மட்டும் புரிகிற கோப்பில் நாட்கணக்காக உழைப்பைக் கொட்டாதீர்கள்.

எக்ஸ்டென்ஷன் கேட்கும் விலை

கிட்ஹப்பில் பொத்தான் வைக்கும் எக்ஸ்டென்ஷனை நிறுவும்போது குரோம் ஒரு வரி காட்டும்: கிட்ஹப் தளத்தில் உங்கள் தரவு முழுவதையும் படிக்கவும் மாற்றவும் இதற்கு அனுமதி வேண்டும். யாரும் நின்று படிப்பதில்லை. அந்த அனுமதி உள்ள நிரல், நீங்கள் உள்நுழைந்த கிட்ஹப் பக்கத்தில் உங்கள் கண் பார்க்கும் எல்லாவற்றையும் பார்க்கும். நிறுவனத்தின் தனி ரெப்போ, அமைப்புகள் பக்கம், அப்போதுதான் உருவாக்கி ஒரே ஒரு முறை திரையில் காட்டப்படும் டோக்கன், எல்லாமும். பக்கத்தில் ஒரு பொத்தானைச் சொருகக் கேட்ட அதே அனுமதிதான் இதற்கும் போதும்.

எழுதியவர் நல்லவர்தான், நிரலும் திறந்த நிரல்தான், அப்புறம் என்ன என்று கேட்கலாம். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற, இருபது லட்சம் பேர் வைத்திருந்த எக்ஸ்டென்ஷனும் திறந்த நிரல்தான். 2020-இல் அது கை மாறியது. புதியவர்கள் உள்ளே நுழைத்ததைக் காரணம் காட்டி, தீங்கான நிரல் என்று கூகுள் 2021 பிப்ரவரியில் அதை எல்லாருடைய பிரவுசரிலும் முடக்கியது. 2024 கிறிஸ்துமஸ் சமயத்தில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், குரோம் வெப் ஸ்டோரிலிருந்து வந்ததுபோலத் தோன்றிய மின்னஞ்சலை நம்பி அனுமதி கொடுத்தார். அவர்களுடைய எக்ஸ்டென்ஷனின் கெட்ட பதிப்பு, தானியங்கிப் புதுப்பிப்பு வழியாகவே பயனர்களிடம் போய்ச் சேர்ந்தது. அதே தாக்குதலில் வேறு பல எக்ஸ்டென்ஷன்களும் சிக்கின. பாதுகாப்பையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கே இது நடக்குமென்றால், ஓய்வு நேரத்தில் ஒருவர் எழுதிப் போட்டுவிட்டு மறந்துபோன பொத்தானை எவ்வளவு நம்புவது? ஒரு முறை நிறுவிவிட்டால் அதன் புதிய பதிப்புகள் நம்மைக் கேட்காமலே வந்துகொண்டிருக்கும்.

இன்னொன்று, குரோம் 2024, 2025-இல் மேனிஃபெஸ்ட்டின் (எக்ஸ்டென்ஷனின் விவரமும் அனுமதியும் சொல்லும் கோப்பு) இரண்டாம் பதிப்பில் எழுதிய எக்ஸ்டென்ஷன்களைப் படிப்படியாக நிறுத்திவிட்டது. பழைய பொத்தான் எக்ஸ்டென்ஷன்களில் பராமரிப்பார் இல்லாதவை அப்போதே செத்துவிட்டன. பழைய பரிந்துரைப் பட்டியல் எதையாவது பார்த்து நிறுவப் போகிறீர்கள் என்றால், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

எக்ஸ்டென்ஷன் மட்டுமல்ல, அது கொண்டுபோய் விடும் எடிட்டரும் உங்கள் கிட்ஹப் கணக்கை இணைக்கச் சொல்லும். அந்த அனுமதித் திரையில் தனி ரெப்போக்களுக்கான அணுகல் கேட்டால் நிதானியுங்கள். கிட்ஹப்பின் ஓஆத் முறையில் (வேறு சேவைகளுக்கு அனுமதி தரும் முறை) தனி ரெப்போக்களைப் படிக்க மட்டும் என்று ஓர் அனுமதி கிடையாது. கொடுத்தால் எழுதவும் சேர்த்துத்தான், அதுவும் உங்களுக்கு அணுகல் உள்ள தனி ரெப்போக்கள் எல்லாவற்றுக்கும். வேலை பார்க்கும் நிறுவனத்தின் நிரலை இப்படித் திறப்பதற்கு முன் அங்கே இருக்கும் விதியைக் கேட்டுவிடுங்கள். பல நிறுவனங்கள் இதை நிர்வாகி ஒப்புதல் இல்லாமல் அனுமதிப்பதே இல்லை.

அதே வசதியை நாமே செய்துகொள்ள

ஒற்றைச் சொடுக்கு வேண்டும், முகவரியைக் கையால் மாற்ற முடியாது என்பவர்களுக்கு எளிய வழி பிரவுசரின் தேடல் குறுக்குவழி. குரோமில் தேடுபொறி அமைப்புகளுக்குள் தளத் தேடல் பகுதியில் புதிதாக ஒன்றைச் சேருங்கள். முகவரியாகக் கிட்ஹப்1எஸ் முகவரியைக் கொடுத்து, சாய்கோட்டுக்குப் பின் ரெப்போ பெயர் வர வேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் சிறிய எழுத்து எஸ்-உம் போடுங்கள். குறுக்குவழியாக ஓர் எழுத்து. இனி முகவரிப் பட்டையில் அந்த எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு உரிமையாளர் பெயரும் ரெப்போ பெயரும் தட்டினால் நேராக எடிட்டர். ஃபயர்பாக்ஸில் புக்மார்க் ஒன்றுக்குக் குறிச்சொல் கொடுத்து இதையே செய்யலாம். ஆனால் அங்கே பெரிய எழுத்து எஸ் போட வேண்டும், இல்லையென்றால் நடுவில் வரும் சாய்கோடு குறியீடாக மாறிப் பக்கம் திறக்காது.

பொத்தான்தான் வேண்டும் என்றால் நீங்களே எழுதுங்கள். மாணவர்களுக்கு நல்ல பயிற்சியும்கூட. ஒரு ஃபோல்டர், அதில் இரண்டு கோப்புகள். முதலாவது மேனிஃபெஸ்ட்: மேனிஃபெஸ்ட் பதிப்பு எண் 3, ஒரு பெயர், உங்கள் எக்ஸ்டென்ஷனின் பதிப்பு எண், ஐகானுக்கான 'ஆக்‌ஷன்' பகுதி, பின்னணி ஸ்கிரிப்ட்டின் பெயர், அனுமதியாக 'ஆக்டிவ் டேப்' மட்டும். இரண்டாவது அந்தப் பின்னணி ஸ்கிரிப்ட்: கருவிப்பட்டையில் ஐகானை அழுத்தியதும் இப்போதைய தாவலின் முகவரியை எடு, தளம் கிட்ஹப்தானா என்று பார், ஆம் என்றால் தளப் பெயரை மாற்றி அதே தாவலைத் திற. பத்துப் பதினைந்து வரிகளில் முடிந்துவிடும். எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் டெவலப்பர் பயன்முறையை இயக்கி, அந்த ஃபோல்டரை ஏற்றினால் ஐகான் வந்துவிடும். 'ஆக்டிவ் டேப்' அனுமதியின் அழகு, நீங்கள் அழுத்தும்போது மட்டும், அந்தத் தாவலுக்கு மட்டும்தான் அது பேசும். மற்ற நேரத்தில் எதையும் பார்க்காது. கடையில் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன்களும் இப்படியே எழுதப்பட்டிருக்கலாம். பக்கத்துக்குள்ளேயே பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்தில் தங்கள் பொத்தான் அழகாக உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் முழு அனுமதி கேட்கிறார்கள்.

அப்படியானால் யாருக்கு எக்ஸ்டென்ஷன்?

தினமும் கிட்ஹப், கிட்லாப், பிட்பக்கெட், நிறுவனத்தின் சொந்த சர்வர் என்று பல இடங்களில் புல் ரிக்வெஸ்ட் பார்ப்பவர்களுக்கு எக்ஸ்டென்ஷன் நியாயமானது. ஒவ்வொரு இடத்திலும் முகவரி அமைப்பு வேறு, கிளையும் கோப்பும் முகவரியில் வருகிற இடமும் வேறு. அதையெல்லாம் கையால் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. அப்போதும் எடிட்டர் சேவையை நடத்துகிறவர்களே வெளியிட்ட எக்ஸ்டென்ஷனை எடுங்கள். அவர்களிடம் ஏற்கெனவே உங்கள் நிரல் போகிறது, எனவே நம்ப வேண்டிய ஆட்களின் எண்ணிக்கை கூடாது. மூன்றாம் நபர் எழுதிய பொத்தான் வழியாக இன்னொருவர் சேவைக்குப் போனால் இருவரையும் நம்ப வேண்டும்.

ஆக்டோட்ரீ மாதிரிக் கோப்பு மரம் காட்டும் எக்ஸ்டென்ஷன்களுக்கு ஒரு காலத்தில் பெரிய தேவை இருந்தது. கிட்ஹப் 2023-இல் தன் புதிய நிரல் பார்வையில் மரத்தைத் தானே கொண்டுவந்த பிறகு, அதற்காக மட்டும் வைத்திருப்பவர்கள் எடுத்துவிடலாம்.

கைபேசியில் படிப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே வேறு. ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் கிடையாது. ஃபயர்பாக்ஸ் 2023 டிசம்பரிலிருந்து ஆண்ட்ராய்டில் எல்லா எக்ஸ்டென்ஷன் எழுத்தாளர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் விஎஸ் கோட் அந்தச் சின்னத் திரைக்குச் செய்யப்பட்டதல்ல. முகவரியை மாற்றி ஒரு கோப்பைப் பார்க்கலாம், அதற்கு மேல் டேப்லட்டும் விசைப்பலகையும் இருந்தால்தான் சரிவரும்.

கல்லூரி மாணவருக்கு என் பரிந்துரை: படிக்கப் புள்ளி விசை, பாடத்துக்கும் ஹேக்கத்தானுக்கும் இரண்டு கோர் கோட்ஸ்பேஸ், வெப் புராஜெக்ட் என்றால் ரேம் இருக்கிற கணினியில் ஸ்டாக்பிளிட்ஸ். எக்ஸ்டென்ஷன் எதுவும் வேண்டாம். மொழிபெயர்ப்பும் ஆவணமும் எழுதுகிறவர்களுக்குப் புள்ளி விசை ஒன்றே போதும். நிறுவனத்தில் வேலை செய்கிறவர்கள் அலுவலகம் அனுமதித்த ஒன்றை மட்டும், வேலைக்கென்று தனியாக வைத்த பிரவுசர் சுயவிவரத்தில் போடட்டும். சொந்த உபயோகத்துக்கான எக்ஸ்டென்ஷன்கள் அந்தச் சுயவிவரத்துக்குள் வரவே கூடாது.

ஏற்கெனவே நிறுவிய எக்ஸ்டென்ஷனை விட மனமில்லை என்றால், குரோமில் அதன் விவரப் பக்கத்துக்குப் போய், தள அணுகல் என்ற இடத்தில் 'சொடுக்கும்போது' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு அது தானாகக் கிட்ஹப் பக்கத்துக்குள் நுழையாது, நீங்கள் ஐகானை அழுத்தினால்தான் வரும். கூடவே கிட்ஹப் அமைப்புகளில் பயன்பாடுகள் என்ற பகுதியைத் திறந்து, எப்போதோ அனுமதி கொடுத்துவிட்டு இப்போது பயன்படுத்தாத எடிட்டர்களின் அணுகலை ரத்து செய்யுங்கள். மூடிப்போன சேவைகளின் பெயர்கள்கூட அந்தப் பட்டியலில் இன்னும் இருக்கலாம்.